மதிலும் வாயிலும்
அலபாமாப் பல்கலைக்கழகக் கால்பந்துக் குழுவின் வரலாறு நமக்கு உணர்த்துவன

நாட்டிற்கு அரண் எத்துணை இன்றியமையாதது என்பதை உணர்ந்தே திருவள்ளுவர் பொருட்பாலில் அதற்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். மதில் உயர்ந்திருந்தால் மட்டும் போதாது; உள்ளே இருப்போர் வினைத்திறம் உடையவராயிருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். போர்க்களத்திற்குப் பொருந்தும் இவ்வுண்மை ஆடுகளத்திற்கும் பொருந்தும். அதனினும் மேலாகக் கல்விக்களத்திற்குப் பொருந்தும்.

இதனை விளக்குதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துக் குழு வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். அயல்நாட்டு ஆட்டக்குழு ஒன்றின் கதை நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் எதற்கு என இளைஞர் சிலர் வினவக்கூடும். அதற்குக் காரணம் இரண்டு. மாணவர் மாறாமல் ஆசிரியர் மட்டும் மாறியபோது ஒரு குழுவின் தற்காப்பு ஓராண்டிலேயே எவ்வாறு இருமடங்கு வலுப்பெற்றது என்பதை இவ்வரலாறு எண்களால் மெய்ப்பிக்கிறது. இது முதற் காரணம். அத்துணை வலிய தற்காப்பைக் கட்டிய அதே பல்கலைக்கழகம், தோல் கறுத்த மாணவர்க்குத் தன் வாயிலை அடைத்து வைத்திருந்தது. இது இரண்டாம் காரணம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலையும் நம் மக்களின் நிலையும் ஒத்தவை என்பதை அண்ணல் அம்பேத்கர் நன்கு அறிந்திருந்தார். 1946ஆம் ஆண்டில் கறுப்பினப் பேரறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதமும் எழுதினார். அவ்வழியில் நின்றே நாமும் இவ்வரலாற்றை நோக்குவோம்.

ஆட்டத்தின் இயல்பு

இங்கே நாம் குறிப்பிடும் ஆட்டம் நம் ஊர்களில் காலால் உதைத்து ஆடப்படும் கால்பந்து அன்று. அமெரிக்கர் 'ஃபுட்பால்' எனும் பெயரால் வழங்குவது வேறு. பந்து முட்டை வடிவினது. பெரும்பாலும் கையில் ஏந்தியே ஓடுவர். ஒவ்வொரு பக்கத்திலும் 11 பேர். களத்தின் நீளம் 100 கெஜம். பந்தை வைத்திருக்கும் குழுவிற்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றிற்குள் 10 கெஜமேனும் முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தோடு எல்லைக் கோட்டைக் கடந்தால் 6 புள்ளிகள். கம்பங்களின் இடையே பந்தை உதைத்து அனுப்பினால் 3 புள்ளிகள்.

பந்தை ஏந்தி வருபவனை மறித்துப் பிடித்து வீழ்த்துவதே தற்காப்பு ஆட்டம். நம் சடுகுடுவில் பாடி வருபவனைச் சுற்றி வளைத்துப் பிடிப்பதோடு இதனை ஒப்பிடலாம். தனியொருவன் எத்துணை வலியனாயினும் பயனில்லை. அருகிலிருப்பவன் கைகொடுத்தால்தான் பிடி நிற்கும். சடுகுடு ஆடியோர் இதனை எளிதில் உணர்வர்.

மற்றொன்றையும் மனத்திற்கொள்ளல் வேண்டும். இக்காலத்தில் தாக்குவதற்கு ஓரணி, காப்பதற்கு ஓரணி எனத் தனித்தனியே வைத்துள்ளனர். நாம் கூறப்போகும் 1950களிலோ ஆட்டக்காரரை மாற்றுவதற்குக் கடும் வரையறைகள் இருந்தன. ஆகவே தாக்கியவரே திரும்பி நின்று காக்கவும் வேண்டும். களைத்த உடலோடு காப்பதே அன்றைய தற்காப்பின் பெருஞ்சோதனை.

வீழ்ச்சிக் காலம்

அலபாமாப் பல்கலைக்கழகம் டஸ்கலூசா நகரில் உள்ளது. 1920களிலும் 30களிலும் அதன் குழு நாடறிந்த புகழ் பெற்றிருந்தது. 1955இல் ஜெ. பி. விட்வொர்த் என்பார் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். அவரும் அப்பல்கலைக்கழகத்தின் பழைய மாணவரே. ஆயினும் அவர் காலம் பெருந்தோல்விக் காலமாயிற்று. 1955இல் ஆடிய 10 ஆட்டங்களிலும் தோல்வி. குழு எடுத்த புள்ளிகள் 48. எதிரணிகளுக்குக் கொடுத்தவை 256. 1956இலும் 1957இலும் ஆண்டுக்கு இரண்டே வெற்றிகள். மூன்று ஆண்டுகளையும் கூட்டினால் வெற்றி 4, தோல்வி 24, சமன் 2.

1957ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் அதே மாநிலத்து ஆபர்ன் குழுவிடம் 40க்கு 0 என அலபாமா தோற்றது. அண்டை வீட்டாரிடம் அடைந்த அத்தோல்வி அம்மாநிலத்தாரின் நெஞ்சைச் சுட்டது. அவ்வாண்டு முழுவதும் 10 ஆட்டங்களில் எதிரணிகளுக்குக் கொடுத்த புள்ளிகள் 173.

இத்தகைய நிலையில் மக்கள் வழக்கமாகக் கூறுவது யாது? "பையன்கள் சரியில்லை; இவர்களிடம் சரக்கில்லை" என்பதே. வகுப்பறையில் பல்லாண்டு கழித்தோர் அனைவரும் கேட்டிருக்கும் சொல் இது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்து இச்சொல் எத்துணை எளிதாகச் சொல்லப்படுகிறது என்பதை நம் உறுப்பினர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அலபாமாவில் அச்சொல் மெய்யா பொய்யா என்பதை அடுத்த ஆண்டே காட்டிற்று.

புதிய பயிற்சியாளர்

1958இல் பால் பிரையன்ட் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். 1913இல் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் திரையரங்கு ஒன்றில் கரடியோடு மற்போரிட முன்வந்ததால் 'கரடி' என்னும் பட்டப்பெயர் வாழ்நாள் முழுதும் அவரோடு ஒட்டிக்கொண்டது. 1930களில் அலபாமாக் குழுவிலேயே ஆடியவர். பின்னர் மேரிலாந்து, கென்டக்கி, டெக்சாஸ் ஏ அன்ட் எம் ஆகிய நிறுவனங்களில் பயிற்சியாளராக விளங்கித் தாய்க் கல்விக்கூடத்திற்குத் திரும்பினார். தலைமைப் பயிற்சியாளர் பதவியோடு விளையாட்டுத் துறை இயக்குநர் பதவியும் அவரிடமே இருந்தது. துணைப் பயிற்சியாளர்களைத் தேர்வதிலும் அவர் தம் விருப்பப்படி செயற்பட முடிந்தது.

அவர் வந்த முதலாண்டின் கணக்கை இப்போது காண்போம். 1957இல் 10 ஆட்டங்களில் 173 புள்ளிகள் கொடுத்த குழு, 1958இல் 10 ஆட்டங்களில் கொடுத்தது 75 மட்டுமே. வெற்றி 5, தோல்வி 4, சமன் 1. எளிய எதிரணிகள் வாய்த்தமையால் இது நேர்ந்ததோ என ஐயுறுவோர்க்கும் விடை உண்டு. இரண்டு ஆண்டுகளிலும் பொதுவாக அமைந்த எதிரணிகள் எட்டு. அந்த எட்டுக் குழுக்களுக்கு 1957இல் கொடுத்தவை 143 புள்ளிகள்; 1958இல் கொடுத்தவை 69. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் முதலாண்டில் 28 புள்ளிகள் எடுத்தது. அடுத்த ஆண்டு நாட்டின் முதன்மைக் குழுவாகவே திகழ்ந்தும் 13க்கு மேல் எடுக்க இயலவில்லை. மிசிசிப்பி மாநிலக் குழு 25இலிருந்து 7க்கு இறங்கிற்று. ஜார்ஜியா 13இலிருந்து 0க்கு இறங்கிற்று. 40 புள்ளிகள் எடுத்த ஆபர்ன் 14ஓடு நின்றது. எல்லாக் குழுக்களிடமும் முன்னேற்றம் ஏற்பட்டதெனக் கூறுவதற்கில்லை. டென்னசி இரண்டு ஆண்டுகளிலும் 14 புள்ளிகளே எடுத்தது. டுலேன் 7லிருந்து 13ஆக உயர்ந்தது. ஆயினும் மொத்தக் கணக்கில் சரிபாதிக்கும் மேல் குறைந்தது கண்கூடு.

இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டிய உண்மை ஒன்று உண்டு. அக்காலத்து விதிப்படி முதலாண்டு மாணவர் முதன்மைக் குழுவில் ஆட இயலாது. ஆகவே பிரையன்ட் புதிதாகச் சேர்த்த மாணவர் எவரும் 1958ஆம் ஆண்டுக் குழுவில் ஆடினாரல்லர். களத்தில் நின்றோர் விட்வொர்த் காலத்தில் சேர்க்கப்பட்டவர்களே. தோற்றவர் என இகழப்பட்ட அதே இளைஞர்களே. சரக்கில்லாத பையன்கள் என்னும் பேச்சு பொய்யென்பது இதனால் விளங்கும். திறம் அவர்களிடம் முன்னரே இருந்தது. அதனை வெளிக்கொணரும் முறைதான் இல்லாதிருந்தது.

முன்னேற்றம் எவ்வாறு நிகழ்ந்தது?

இம்முன்னேற்றம் மந்திரத்தால் நிகழவில்லை. அதன் கூறுகளை நான்காகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது உடலுறுதி. தாக்கியவரே காக்கவும் வேண்டியிருந்த காலத்தில், ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் எவர் நிமிர்ந்து நிற்கிறாரோ அவரே வெல்வர். பிரையன்ட் பருத்த உடலினும் விரைந்த காலையே பெரிதாக மதித்தார். எடை குறைந்த இளைஞரும் அவர் குழுவில் இடம்பெற்றனர்.

இரண்டாவது கூட்டாகப் பிடித்தல். பந்தேந்தி வருபவனை ஒருவர் பிடித்துவிட்டால் மற்றவர் நின்று வேடிக்கை பார்ப்பது வழக்கம். பிரையன்டின் குழுவில் அவ்வாறு நிற்றல் குற்றம். களத்தின் மறுகோடியில் இருப்பவனும் பந்தை நோக்கி ஓடிவருதல் வேண்டும். ஒருவன் பிடி தவறினும் அடுத்தவன் அங்கே இருப்பான்.

மூன்றாவது நிலத்தைக் காத்தல். எதிரணி பந்தைப் பெறும் இடம் நம் எல்லைக்கு எத்துணைத் தொலைவில் உள்ளதோ அத்துணை நமக்கு நன்மை. ஆகவே முன்னேற வழியில்லை எனக் கண்டால், நான்காம் முயற்சிவரை காத்திராமல், எதிர்பாராத வேளையில் பந்தைத் தொலைவிற்கு உதைத்து அனுப்பிவிடுவர். எதிரணி 80 கெஜம் கடந்து வரவேண்டிய நிலை ஏற்படும். அத்துணை நீண்ட வழியில் எங்கேனும் ஒரு தவறு நேர்ந்தே தீரும். பந்தை விட்டுக்கொடுப்பதும் தற்காப்பின் ஒரு பகுதியே என்னும் இந்நுட்பம் மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு விளங்காது.

நான்காவது வேலைப்பங்கீடு. பயிற்சிக் களத்தில் உயர்ந்த கோபுரம் ஒன்றின்மேல் நின்று பிரையன்ட் முழுக் களத்தையும் கண்காணிப்பார். கீழே ஒவ்வொரு பிரிவையும் துணைப் பயிற்சியாளர் நடத்துவர். அவர்களுள் ஜீன் ஸ்டாலிங்ஸ் போன்ற சிலர் டெக்சாஸில் அவரிடமே ஆடிப் பயின்றவர்கள்; அவர் முறையை உள்ளும் புறமும் அறிந்தவர்கள்.

அவர் முறையின் குறையையும் மறைத்தல் ஆகாது. 1954இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஜங்ஷன் என்னும் ஊரில் அவர் நடத்திய பயிற்சி முகாம் பெயர்போனது. வறட்சியும் கடுவெயிலும் நிலவிய வேளையில் பத்து நாள் இளைஞர்களை வருத்தினார். பயிற்சியின்போது தண்ணீர் அருந்தவும் விடவில்லை. பலர் இரவோடிரவாக வெளியேறினர். அவ்வாண்டு அக்குழு பெற்ற வெற்றி ஒன்றே; தோல்வி ஒன்பது. துன்புறுத்தல் உடனே வெற்றி தாராது என்பதற்கு இக்கணக்கே சான்று. உழைக்கும் உடலுக்கு நீர் இன்றியமையாதது என்பதும், வெயிலில் நீர் மறுத்தல் உயிருக்கே ஊறு செய்யும் என்பதும் இன்று மருத்துவம் அறுதியிட்டுக் கூறும் உண்மைகள். ஒழுங்கை மேற்கொள்வோம், கொடுமையைத் தவிர்ப்போம்.

இருபத்தைந்து புள்ளிகள்

1959இல் அக்குழு 11 ஆட்டங்கள் ஆடிற்று. எடுத்த புள்ளிகள் 95 மட்டுமே. ஆட்டத்திற்கு 9 புள்ளிகூட இல்லை. ஆயினும் வெற்றி 7, சமன் 2, தோல்வி 2. எப்படி? கொடுத்தவை 59 புள்ளிகளே. ஆண்டின் இறுதியில் ஆபர்னை 10க்கு 0 என வென்று பழைய வடுவை ஆற்றிக்கொண்டது. பெரிதாகப் பெறாவிடினும் உள்ளதை இழவாதிருந்தால் நிமிர்ந்து நிற்கலாம் என்பதற்கு இவ்வாண்டு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1960இல் கொடுத்தவை 56 புள்ளிகள்.

1958இல் முதலாண்டு மாணவராகச் சேர்ந்தோர் 1961இல் இறுதியாண்டினர் ஆயினர். பாட் டிரம்மெல், பில்லி நெய்பர்ஸ் ஆகியோர் அவ்வணியினர். அவர்களுக்கு ஓராண்டு இளையவர் லீ ராய் ஜோர்டன்; தற்காப்பு வரிசையின் நடுவே நின்று களமெங்கும் ஓடிப் பிடிப்பதில் இணையற்றவர். அவ்வாண்டு அலபாமா 11 ஆட்டங்கள் ஆடிப் பதினொன்றிலும் வென்றது. எடுத்தவை 297 புள்ளிகள். கொடுத்தவை 25. ஆறு ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு புள்ளியும் இல்லை; அவற்றுள் ஐந்து தொடர்ச்சியாக வந்தவை. நாட்டின் முதன்மைக் குழு என்னும் பட்டம் அவர்களுக்கே வழங்கப்பட்டது. 1955இல் ஓராண்டில் கொடுத்த 256 எங்கே, 1961இல் கொடுத்த 25 எங்கே!

இத்துடன் கட்டுரையை முடித்தால் அது பாதி வரலாறே ஆகும். அமெரிக்காவில் இக்குழுவைப் புகழ்ந்தெழுதியோர் பலர் அவ்விடத்திலேயே நிறுத்திவிட்டனர். நாம் நிறுத்துவதற்கில்லை.

மற்றொரு மதில்

அந்த 1961ஆம் ஆண்டுக் குழுவில் ஒரு கறுப்பின மாணவரும் இல்லை. திறமுடையவர் இல்லாமையால் அன்று. பல்கலைக்கழகத்தின் வாயில் அடைபட்டிருந்தமையால். இனம் பிரித்த பள்ளிகள் சட்டத்திற்கு மாறானவை என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டு மே 17இல் தீர்ப்பளித்தது. 1956ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆதரின் லூசி என்னும் கறுப்பினப் பெண்மணி நீதிமன்ற ஆணையோடு அலபாமாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சில நாள்களிலேயே வெறிகொண்ட கூட்டம் அவரைச் சூழ்ந்து கல்லெறிந்தது. பல்கலைக்கழகம் கூட்டத்தை அடக்கவில்லை. அவருடைய பாதுகாப்பைக் காரணங்காட்டி அவரையே விலக்கிவைத்துப் பின்னர் நீக்கியும் விட்டது. அடித்தவனை விட்டு அடிபட்டவனைத் தண்டிக்கும் இந்நீதி நாம் அறியாத ஒன்றன்று.

1963ஆம் ஆண்டு ஜூன் 11இல் விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்னும் இருவர் சேர வந்தபோது, மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் தாமே கட்டடத்தின் வாயிலில் நின்று மறித்தார். தலைவர் கென்னடி மாநிலக் காவற்படையைத் தம் ஆணைக்குக் கீழ்க் கொணர்ந்த பின்னரே வாலஸ் விலகினார். விவியன் மலோன் 1965இல் அங்கே பட்டம் பெற்றார்.

வகுப்பறை திறந்த பின்னும் ஆடுகளம் திறக்கவில்லை. இதற்குப் பிரையன்டின் பொறுப்பு யாது? மாநிலத்தின் அரசியல் தம் கையைக் கட்டியிருந்தது என்பதே அவர் தரப்பினர் கூற்று. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அம்மாநிலத்தில் ஆளுநருக்கு அடுத்த செல்வாக்கு அவருக்கே இருந்ததெனப் பலரும் கூறுவர். அச்செல்வாக்கை 1960களின் பெரும்பகுதியில் அவர் இதன்பொருட்டு வெளிப்படையாகச் செலவிட்டாரல்லர். வறுமையின் இழிவை அறிந்து வளர்ந்தவர், பிறர்மேல் விழுந்த இழிவைக் கண்டும் நெடுங்காலம் அமைதி காத்தார் என்பதை வரலாறு குறித்தே தீரும்.

அம்மதில் குழுவிற்கே தீங்காயிற்று. 1961இல் கலிபோர்னியாவின் ரோஸ் பௌல் ஆட்டத்திற்கு அலபாமா அழைக்கப்படலாம் என்ற பேச்சு எழுந்தபோது, லாஸ் ஏஞ்சல்ஸ் செய்தித்தாளில் ஜிம் மரே கடுமையாகக் கண்டித்து எழுதினார். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கறுப்பின ஆட்டக்காரரும் எதிர்ப்புக் காட்டினர். அலபாமா நியூ ஆர்லியன்ஸிலேயே ஆட நேர்ந்தது. மேலும், விலக்கப்பட்டோர் வாளாவிருக்கவில்லை. தமக்கெனத் தாமே நிறுவிக்கொண்ட கல்விக்கூடங்களில் அவர்கள் திறம் வளர்த்தனர். லூசியானாவின் கிராம்பிளிங் கல்லூரியில் எடி ராபின்சன் 1941இல் பயிற்சியாளராகிப் பின்னாளில் 408 வெற்றிகள் கண்டார். புளோரிடா ஏ அன்ட் எம் நிறுவனத்தில் ஜேக் கெய்தர் 203 வெற்றிகள் கண்டார். இவர்கள் மாணவர் பலர் தொழில்முறைக் குழுக்களில் ஒளிர்ந்தனர். சமுதாயம் தன் முயற்சியால் கட்டும் கல்வி நிறுவனத்தின் அருமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வாயில் திறந்த வரலாறு

1970ஆம் ஆண்டு செப்டம்பர் 12இல் பர்மிங்ஹாம் நகரில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அலபாமாவை 42க்கு 21 என வென்றது. சாம் கன்னிங்ஹாம் என்னும் கறுப்பின இளைஞர் 135 கெஜம் ஓடினார். அந்த ஒரு மாலையே அலபாமாவின் கண்ணைத் திறந்தது. அதன்பின்னரே கறுப்பினத்தார் சேர்க்கப்பட்டனர் என்றொரு கதை நாடெங்கும் வழங்குகிறது. கேட்க இனிமையாயினும் இக்கதை வரலாற்றோடு பொருந்தவில்லை.

அந்த ஆட்டம் நடந்தபோதே வில்பர் ஜாக்சன் என்னும் கறுப்பின மாணவர் உதவித்தொகையோடு சேர்க்கப்பட்டு விட்டார். முதலாண்டு மாணவர் ஆகையால் களமிறங்க இயலாமல் பார்வையாளராக இருந்தார். அதற்கு முன்பே, 1967இல், கறுப்பின மாணவர் சிலர் உதவித்தொகை ஏதுமின்றித் தாமே முன்வந்து இளவேனிற் பயிற்சியில் கலந்துகொண்டனர். 1969இல் கறுப்பின மாணவர் சங்கம் பிரையன்டையும் பல்கலைக்கழகத்தையும் எதிர்த்து வழக்கே தொடுத்தது. அவ்வழக்கை நடத்திய வழக்கறிஞர் யூ. டபிள்யூ. கிளெமன், 1980இல் அலபாமாவின் முதற் கறுப்பின நடுவண் நீதிபதியாக உயர்ந்தார். ஆகவே வாயில் ஓர் ஆட்டத்தின் வியப்பால் திறக்கவில்லை. மனுவும் வழக்கும் அடங்கா முயற்சியும் பல்லாண்டு தட்டியமையாலேயே திறந்தது. ஒடுக்கப்பட்டோரின் உழைப்பை மறைத்து, ஆள்வோரின் மனமாற்றத்தை மட்டும் போற்றும் கதைகளை நாம் ஐயத்தோடு நோக்குதல் வேண்டும்.

ஜான் மிட்செல் என்பார் அலபாமா மாநிலத்து மொபீல் நகரினர். தம் மாநிலப் பல்கலைக்கழகக் குழுவில் இடம் தேட வழியின்றி, நெடுந்தொலைவிலுள்ள அரிசோனாவின் இளநிலைக் கல்லூரியொன்றில் ஆடிக்கொண்டிருந்தார். 1971இல் அவர் அலபாமாவில் சேர்க்கப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 10இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அதே தென் கலிபோர்னியாவை எதிர்த்துத் தற்காப்பு வரிசையில் களமிறங்கினார். அலபாமாக் குழுவில் ஆடிய முதற் கறுப்பினத்தவர் அவரே. 17க்கு 10 என வெற்றி அலபாமாவுக்கே.

முந்திய ஆண்டில் 12 ஆட்டங்களில் 264 புள்ளிகள் கொடுத்திருந்த குழு, 1971இல் 12 ஆட்டங்களில் கொடுத்தது 122. அவற்றுள்ளும் 38, இறுதி ஆட்டத்தில் நெப்ராஸ்காவிடம் கொடுத்தவை. மற்றப் 11 ஆட்டங்களில் கொடுத்தவை 84 மட்டுமே, பதினொன்றிலும் வெற்றி. இம்முன்னேற்றம் ஒருவராலேயே நிகழ்ந்ததெனச் சொல்லுதல் மிகையாகும். அவ்வாண்டு பிரையன்ட் தாக்கும் முறையையும் மாற்றிப் பந்தை நெடுநேரம் தம் வசம் வைத்திருக்க வகை செய்தார். அதுவும் தற்காப்புக்குத் துணையாயிற்று. ஆயினும் வாயில் திறந்ததால் மதில் வலுவிழக்கும் என அஞ்சியோரின் அச்சம் வீண் என்பதை எண்கள் ஐயமற மெய்ப்பித்தன.

1972இல் மிட்செல் அக்குழுவின் இணைத்தலைவராயினார். 1973இல் அங்கேயே துணைப் பயிற்சியாளராக, முதற் கறுப்பினப் பயிற்சியாளராக, அமர்ந்தார். 1990இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தற்காப்பு அணி முழுமைக்கும் பொறுப்பேற்றார். வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட இளைஞர் மதிலைக் கட்டுவிக்கும் ஆசானாக உயர்ந்தது இருபதாண்டுக்குள் நிகழ்ந்தது. பிரையன்ட் 323 வெற்றிகளோடு ஓய்வு பெற்று, 1983ஆம் ஆண்டு ஜனவரி 26இல் மறைந்தார்.

நாம் கொள்ளத்தக்கவை

அன்பார்ந்த இளைஞர்களே! இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சில உண்டு.

ஒருவன் தோற்றான் என்பதால் அவன் திறமற்றவன் ஆகான். 1957இல் 173 புள்ளிகள் கொடுத்த இளைஞரே 1958இல் 75 கொடுத்தனர். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிய பிள்ளையைக் கண்டு இவனுக்கு வராது எனத் தீர்ப்பளிக்குமுன், கற்பித்த முறை சரியா, படிக்க விளக்கும் இடமும் வீட்டில் உண்டா, கேட்டுச் சொல்ல ஆளுண்டா என நாம் ஆராய்தல் வேண்டும். நம் சங்கம் நடத்தும் மாலை வகுப்புகளின் நோக்கமும் இதுவே.

முன்னேற்றம் பகட்டான பாய்ச்சலில் மட்டும் இல்லை, இழவாமையிலும் உண்டு. பாதியில் பள்ளியை விட்டு நிற்கும் ஒவ்வொரு பிள்ளையும் நாம் எதிரணிக்குக் கொடுக்கும் புள்ளி. பெற்ற கல்வியை, பெற்ற வேலையை, பெற்ற உரிமையைக் கைவிடாது காத்தல் பெறுதலினும் அரிது. தனியொருவரால் அது இயலாது. ஒருவர் பிடி தளரும்போது மற்றவர் ஓடிவருதல் வேண்டும். அதற்கே சங்கம்.

அடைபட்ட வாயில் தானே திறவாது. ஆதரின் லூசி 1956இல் நீக்கப்பட்டார். 32 ஆண்டுகள் கழித்து, 1988இல், பல்கலைக்கழகம் அந்நீக்க ஆணையைத் திரும்பப் பெற்றது. அவர் மீண்டும் சேர்ந்து, 1992இல், தம் அறுபதாம் அகவை கடந்தபின், முதுகலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் அவர் மகளும் அங்கே பட்டம் பெற்றார். கல்லெறிந்த கூட்டத்தின் பெயர்களை எவரும் நினைவிற் கொள்ளவில்லை. லூசியின் பெயர் அப்பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றில் 2022 முதல் விளங்குகிறது.

நம் பிள்ளைகளுள் ஒருவரும் அத்துணைக் காலம் காத்திருக்க நேராதவாறு உழைப்பதே நம் முன்னுள்ள பணி. வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில், இம்மலரை இன்று படிக்கும் இளைஞருள் சிலர் ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் நீதிபதியாகவும் வந்து மேடையில் அமர்தல் வேண்டும்.

வாழ்க சங்கம்! வளர்க கல்வி!